கிணற்று மோட்டர் நிரல்: மூன்றே விதிகள், "நிறைவேற்ற முடியாது" என்கிறது கருவி

கேள்வி (கோண்டாவில் மாணவன்):
வணக்கம். வீட்டுக் கிணற்று மோட்டருக்கான நிரலை நான் எழுதாமல், நேரியல் காலத் தருக்கத்தில் ("எப்போதும்", "என்றாவது" என்று காலத்தோடு விதி சொல்லும் தருக்கம்) விதிகளை மட்டும் கொடுத்து, விதிகளிலிருந்து நிரலைத் தானே ஆக்கும் ஸ்ட்ரிக்ஸ் கருவியைக் கொண்டு ஆக்கப் பார்க்கிறேன். உள்ளீடுகள்: தாங்கி குறைந்தது (தண்ணீர்த் தாங்கியில் நீர் குறைவு), தாங்கி நிரம்பியது, கிணறு வற்றியது. வெளியீடு: மோட்டர்.

எப்போதும், கிணறு வற்றியிருந்தால் மோட்டர் ஓடக்கூடாது.
எப்போதும், தாங்கி நிரம்பியிருந்தால் மோட்டர் ஓடக்கூடாது.
எப்போதும், தாங்கி குறைந்தால் பிறகு என்றாவது நிரம்ப வேண்டும்.

எனக்கு முரண் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாளாக இதே பதில்தான். அம்மா ஆளியைக் கையால் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார்.

மறுமொழி (திருநெல்வேலி அண்ணா):
தம்பி, முரணைத் தேடாதீர்கள், எதிராளியைத் தேடுங்கள். விதிகளிலிருந்து நிரலைத் தானாகவே ஆக்க முடியுமா என்று 1957இல் தருக்கவியலாளர் அலொன்சோ சேர்ச் எழுப்பிய சிக்கல்தான் இது. பிறகு அதை ஓர் ஆட்டமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். உள்ளீடுகளைச் சூழல், அதாவது நிரலுக்கு வெளியே உள்ள உலகம், தன் விருப்பப்படி தரும். அது எப்படி ஆடினாலும் நிரல் வெல்ல வேண்டும். முதல் கணத்திலேயே "தாங்கி குறைந்தது, கிணறு வற்றியது" என்று சொல்லிவிட்டு, முடிவில்லாமல் அதையே சூழல் சொல்லிக்கொண்டிருந்தால்? முதல் விதி மோட்டரைத் தொடவிடாது, மூன்றாவது விதி தோற்றுவிடும். பங்குனி வெயிலிலும் உங்கள் கிணறு ஊறும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் யாழ்ப்பாணத்து நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லில் நீர் ஊறுவதைப் பற்றிக் கருவிக்கு யார் சொன்னது? "கிணறு வற்றாத கணம் திரும்பத் திரும்ப வரும்" என்று ஓர் எடுகோள் (சூழல் இப்படித்தான் நடக்கும் என்று நாம் வைத்துக்கொள்வது) சேருங்கள். "மோட்டர் ஓடினால் பிறகு என்றாவது தாங்கி நிரம்பும்" என்பதும் வேண்டும். தண்ணீர் மேலே ஏறும் என்பதைக்கூட அது அறியாது.

கேள்வி கேட்டவர்:
சேர்த்தேன், அண்ணா. கிணறு ஊற இடைவெளி வேண்டுமே என்று "மோட்டர் அவ்வப்போது நிற்கும்" என்பதையும் எடுகோளாகப் போட்டேன். நிரல் கிடைத்தது. ஆனால் கிணறு வற்றினாலும் மோட்டரை நிறுத்தாமல் ஓட்டுகிறது!

மறுமொழி (திருநெல்வேலி அண்ணா):
சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். கருவி தப்பாகச் செய்யவில்லை. "எடுகோள் மெய்யானால் விதிகளும் மெய்" என்பதுதான் நீங்கள் கேட்டது. மோட்டர் நிரலின் கையில் இருக்கிறது. அதை நிறுத்தாமல் விட்டால் எடுகோள் பொய்யாகிவிடும்; பிறகு எந்த விதியையும் காக்கத் தேவையில்லை. அந்த வரியை விதிகளின் பக்கம் தள்ளுங்கள்.

மறுமொழி (சுன்னாகம் அக்கா):
விதிகளைக் கொடுத்த கோப்பில் மீலி என்று இருக்கிறதா, மூர் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மீலி என்றால் அந்தக் கணத்து உள்ளீட்டைப் பார்த்த பிறகே நிரல் முடிவுசெய்யும். மூர் என்றால் உணரியைப் பார்க்கும் முன்பே நிரல் மோட்டரை முடிவுசெய்துவிடும். அது ஓடத் தொடங்கிய கணத்திலேயே சூழல் "வற்றியது" என்று சொல்லி வென்றுவிடும். அப்படியானால் முதல் இரண்டு விதிகளையும் "அடுத்த கணத்தில் ஓடக்கூடாது" என்று தளர்த்த வேண்டியிருக்கும். தோட்டக் கிணறுகளையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கவனம்: பொதுவான வடிவில் இதன் சிக்கலளவு இரட்டை அடுக்கேற்றம் (விதிகள் நீளும்போது தேவைப்படும் நேரம் அடுக்குக்கு மேல் அடுக்காகப் பெருகும்) என்று 1989இல் கணினி அறிவியலாளர்கள் நுவேலியும் ரோஸ்னரும் காட்டினார்கள். 2006இல் வந்த ஜிஆர்(1) என்ற, விதிகளின் வகையைக் கட்டுப்படுத்தும் குறுகிய வடிவத்துக்குள் அடக்கினால், தேவைப்படும் நேரம் நிலைகளின் எண்ணிக்கையின் மும்மடியளவோடு போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
மீலிதான், அக்கா. வரியை மாற்றினேன், சரிவந்துவிட்டது. கிடைத்த நிரல்: கிணறு வற்றாமலும் தாங்கி நிரம்பாமலும் இருந்தால் ஓடு. இவ்வளவுதானா என்கிறார் அம்மா. ஒரு குடம் தண்ணீர் எடுத்தாலே மோட்டர் பாய்ந்து ஓடத் தொடங்குகிறது. தாங்கி குறையும்வரை பொறுக்கச் சொல்லும் விதியை இன்றிரவு எழுதப்போகிறேன்.