ஒன்டாரியோவுக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் பள்ளியில் கவனிக்க வேண்டியது

போன சனிக்கிழமை ஸ்கார்பரோவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மகன் பத்தாம் வகுப்பு. “நல்ல டியூஷன் எங்கே இருக்கு அண்ணா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். டியூஷனை அப்புறம் பார்க்கலாம், பையன் அடுத்த வருடத்துக்கு என்னென்ன பாடம் எடுத்திருக்கிறான் என்று கேட்டேன். அம்மா அப்பா இருவருக்குமே தெரியவில்லை.

நம் ஊரில் ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதற்கு வீடே கூடி உட்காரும். இங்கே பிள்ளையே குளிர்காலத்தில் ஒருநாள் ஆன்லைனில் பாடங்களைத் தேர்வு செய்துவிட்டுப் போய்விடுவான், நாம் கேட்காவிட்டால் நமக்குத் தெரியாமலே போகலாம். அதனால் பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் எம்.சி.ஆர்.3.யூ என்றால் பல்கலைக்கழகத்துக்கு, எம்.பி.எஃப்.3.சி என்றால் காலேஜுக்கு. இங்கே காலேஜ் என்பது பெரும்பாலும் வேலைக்கு நேராகத் தயார் செய்யும் டிப்ளமோ படிப்பு, யுனிவர்சிட்டி வேறு என்பதே என் மூத்தவன் பள்ளியில் படித்த காலத்தில் எனக்குத் தெரியாது. அவன் நண்பர்களோடு சேர்ந்து காலேஜுக்கான கணக்கை எடுத்தான். தொண்ணூறுக்கு மேல் மார்க் வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இன்ஜினியரிங்குக்கு வேண்டிய பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் சேர அது போதாது என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கோடை விடுமுறையில் மற்ற பிள்ளைகள் வெளியே விளையாட, உங்கள் பிள்ளை மட்டும் விட்ட கணக்கைப் படிக்க சம்மர் ஸ்கூலில் உட்கார வேண்டாம் என்று நினைத்தால், பாடத் தேர்வை அனுப்புவதற்கு முன் பிள்ளையிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கோ-ஆப். பள்ளி நேரத்திலேயே ஒரு வேலையிடத்துக்குப் போய்க் கற்பது, 110 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், அதாவது பள்ளிப் படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி. படிப்பு வராத பிள்ளைகளுக்குத்தான் இது என்று நம்மவர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தப்பு. டாக்டராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த என் மகள் ஒரு மருந்துக்கடையில் ஒரு செமஸ்டர் இருந்தாள். வயதானவர் ஒருவர் மாத்திரைப் பட்டியலைப் பிடித்தபடி குழம்பி நின்றபோது பொறுமையாக எடுத்துச் சொல்லி அனுப்பியதை அன்று இரவு எங்களிடம் மூன்று தடவை சொன்னாள். எந்த வேலை தனக்குச் சரி வரும் என்பது பதினாறு வயதில் பாதியாவது தெரிந்துவிட்டது. எந்த வேலை எத்தனை வருடம் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாத காலத்தில், இதைவிடப் பெரிய தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

கைத்தொழிலையும் கீழாகப் பார்க்க வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணா எலக்ட்ரீஷியன். அந்தப் பயிற்சிக்கு ஏறக்குறைய 9,000 மணி நேரம், ஐந்து வருடம் போலப் பிடிக்கும், ஆனால் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம். பள்ளியில் இருக்கும்போதே கோ-ஆப் வழியாக அதைத் தொடங்கவும் ஓயாப் என்ற திட்டம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து எல்லாருக்கும் ஒரு தொழில்நுட்பக் கிரெடிட் கட்டாயம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கிலேயே கோடிங்கும் வந்துவிட்டது.

பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரம் சமூக சேவையும் செய்ய வேண்டும், அதைப் பன்னிரண்டாவது வரை தள்ளிப் போடாதீர்கள். ஒன்பதாவது தொடங்குவதற்கு முந்தைய கோடையிலிருந்தே கணக்கில் சேரும். நூலகம், உணவு வங்கி போன்ற இடங்களில் செய்யலாம், சம்பளம் வாங்கும் வேலை சேராது.

பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகரான கைடன்ஸ் கவுன்சிலரிடம் நேரம் கேட்டு, பிள்ளையோடு நீங்களும் போங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்று தயங்க வேண்டாம், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். நான் போயிருந்த அந்த ஸ்கார்பரோ வீட்டுப் பையனின் அம்மா அன்றே பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதினார். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.