ஓடும்போது கேரவன் ஆனிங் காற்றில் பிரிந்துகொள்கிறது, அவசரம்

ஊர்சுற்றி: நெடுஞ்சாலையில் போகும்போது ஆனிங் (நிழலுக்காக வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூரை) துணி படபடவென்று அடித்துக்கொள்கிறது. இன்று எதிர்காற்று பலமாக இருந்தது. முன்முனையில் ஒரு முழத் துணி வெளியே வந்து தொங்கிவிட்டது. கயிற்றால் கட்டி ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். என்ன செய்யலாம்?

மலைப்பாதை: மோட்டாரா, கையால் சுருட்டுவதா? பெட்டிக்குள் அடங்கும் வகையா, உருளை வெளியே தெரிவதா? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

நாடோடி: கதவுப் பக்கத்து ஆனிங்கா, வண்டியிலிருந்து வெளியே தள்ளும் அறையின் கூரைக்கு மேல் இருக்கும் துணியா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு படம் போடுங்கள்.

எட்டாம்கியர்: எதுவாக இருந்தாலும் வேகத்தைக் குறையுங்கள் நண்பரே. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். எண்பதில் போகிறவர் நூறுக்குப் போனால் துணி மேல் விழும் விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிவிடும். எதிர்காற்றின் வேகத்தையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பழையசக்கரம்: இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கிளம்புமுன் வண்டியைச் சுற்றி வந்து, சுருளின் முன்முனையில் விரலை நுழைத்துப் பார்ப்பது அடிப்படைப் பாடம். விரல் உள்ளே போனால் காற்றும் போகும். கோணலாகச் சுருண்ட துணியில் ஒரு முனை இறுகி மறுமுனை தொளதொளவென்று நிற்கும். அங்கேதான் காற்று பிடிக்கும்.

தென்றல்: அவர் அவசரத்தில் கேட்கிறார், பாடம் பிறகு நடத்தலாம் ஐயா. ஊர்சுற்றி, ரப்பர் கயிறு இரண்டு வாங்கி, ஆனிங்கைத் தாங்கும் கம்பிக் கைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

மலைப்பாதை: ரப்பர் கயிறு வேண்டாம். காற்று இழுத்தால் அதுவும் கூடவே நீளும். நீளாத நைலான் வார்தான் சரி.

தென்றல்: நீளாத வார் அலுமினியக் கையை நசுக்கிவிடும். கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் நல்லது.

மலைப்பாதை: கையால் இழுத்துக் கட்டும் வாரில் எந்தக் கை நசுங்கும்? ராட்செட் (வாரை முறுக்கி இறுக்கும் கருவி) போட்டு முறுக்கினால்தான் நசுங்கும்.

நாடோடி: மோட்டார் வகை என்றால் பல்சக்கரப் பெட்டி தேய்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. பல வகைகளில் உருளையைப் பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான்.

ஊர்சுற்றி: கையால் சுருட்டுவது. கதவுப் பக்கம். உருளை வெளியே தெரியும். கைகளின் பூட்டெல்லாம் போட்டுத்தான் இருந்தது.

பழையசக்கரம்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கையின் பூட்டு கை விரியாமல் காக்கும். உருளை சுழல்வதை அது தடுக்காது. கை அசையாமல் நிற்கும்போதே காற்று துணியை உப்பவைத்து, உருளையைச் சுருட்டும் ஸ்பிரிங்கை எதிர்த்து அதைச் சுழற்றித் துணியை உருவிவிடும். சுழற்சியைத் தடுப்பது உருளை முனையில் உள்ள சின்னக் கொண்டி. விரிக்க ஒரு நிலை, சுருட்ட ஒரு நிலை. சுருட்டும் நிலையில் அது உருளை முனையின் பல்லைக் கவ்வியிருந்தால் துணி ஒரு விரற்கடைகூட வெளியே வராது. முழுவதும் விரித்து, நேராகச் சுருட்டி, கொண்டியைச் சுருட்டும் நிலையில் வைத்துத் துணியின் இழுப்பு நாடாவை மெல்ல இழுத்துப் பாருங்கள். இன்னொருவர் உருளையைப் பிடித்துக்கொள்ளட்டும். காற்று அடிக்கும்போது விரிக்கவே வேண்டாம்.

மலைப்பாதை: கொண்டி பிடிக்காவிட்டால், உருளையின் இரு முனைகளையும் அந்தந்தக் கையோடு சேர்த்து வாரால் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். துணி மேல் கட்டாதீர்கள், உராய்ந்து கிழியும். ஈரத்தோடு சுருட்டினால் போய்ச் சேர்ந்ததும் விரித்துக் காயவையுங்கள், பூஞ்சை பிடித்துவிடும்.

எட்டாம்கியர்: எதிரே வரும் பெரிய லாரி தள்ளும் காற்றைப் பற்றி யாருமே சொல்லவில்லை. என் ஆனிங் போனது அதில்தான்.

தென்றல்: லாரிக் காற்று ஒரு நொடி. பக்கக் காற்று மணிக்கணக்கில் அடிக்கும். துணியைப் பிரிப்பது அதுதான்.

எட்டாம்கியர்: ஒரு நொடி போதும்.

ஊர்சுற்றி: கொண்டியைச் சுருட்டும் நிலையில் வைத்தாலும் கவ்வவில்லை, பல் தேய்ந்திருக்கிறது. முனைகளைக் கட்டி மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தோம். துணி அசையவில்லை. எல்லோருக்கும் நன்றி. பல்லை நானே மாற்றப்போகிறேன்.

பழையசக்கரம்: முனை மூடியைக் கழற்றுமுன் ஸ்பிரிங் தண்டில் பூட்டு ஆணி போட்டீர்களா? முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டுச் சுழன்றால் விரலை முறித்துவிடும். கை வைக்குமுன் பதில் சொல்லுங்கள்.

நாடோடி: ஊர்சுற்றி, இருக்கிறீர்களா?