மேட்டுத்தோட்டம் குடும்பம்: அப்பத்தாவுக்கு எந்த டயப்பர்?

மாலை 6:40

அம்மா: டாக்டர் வந்து பார்த்துவிட்டார். அத்தையை நாளைக்குக் காலையில் டிஸ்சார்ஜ் செய்கிறார்களாம். வாக்கர் பிடித்து நடக்கும் வரை டயப்பர் வாங்கி வைக்கச் சொன்னார். கீழே மெடிக்கலில் கேட்டால் டேப் டைப்பா பேன்ட் டைப்பா, எம் சைஸா எல் சைஸா என்று கேட்கிறார்கள். எது வாங்கட்டும்?

சரசு அத்தை: அம்மாவுக்குப் பேம்பர்ஸா? கட்ட விட்டால் பார்க்கலாம்

சித்தப்பா (மஸ்கட்): நல்லதாகவே வாங்குங்க அண்ணி. விலை பார்க்க வேண்டாம். பணம் போட்டுவிடுகிறேன்

சரசு அத்தை: பணம் மட்டும் டாண் என்று வந்துவிடும்

பிரபு: அம்மா, இது குழு

சரசு அத்தை: தெரிந்துதான் போட்டேன்

பெரியப்பா (காகிதபுரம்): வசந்தா, அவசரப்பட்டு வாங்காதே. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலையைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவோம். உடம்பில் படும் மேல் துணி நெய்தது அல்ல. பாலிப்ரொப்பிலீன் இழைகளைப் பரப்பிச் சூட்டில் ஒட்டிய நான்வோவன். அந்தப் பிளாஸ்டிக் இயல்பாகத் தண்ணீரைத் தள்ளும். மேலே ஒரு சோப்பு மாதிரியான பூச்சு கொடுப்பதால்தான் ஈரம் உள்ளே இறங்குகிறது. அதற்குக் கீழே ஈரத்தைப் பரப்பிவிடும் ஒரு மெல்லிய அடுக்கு. அதற்கும் கீழேதான் மரக்கூழ்ப் பஞ்சும் ஜெல் தூளும். கடைசியில் பாலித்தீன் தாள். கூழ் விஷயம் எனக்குத் தெரியும், முப்பது வருடம் அதிலேயே கிடந்தவன். நம் ஆலையில் கரும்புச் சக்கையில் காகிதம் செய்தோம். அந்த நார் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. டயப்பருக்கு அது ஆகாது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வளரும் பைன் மரத்தின் நார் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வரும். நீள நார் என்றால்தான் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நனைந்த பிறகும் கலையாமல் நிற்கும்.

பிரபு: மாமா, எம் சைஸா எல் சைஸா?

பெரியப்பா (காகிதபுரம்): வருகிறேன், வருகிறேன்.

சரசு அத்தை: என் கல்யாணத்தில் பத்திரிகைத் தாளின் கனம் எத்தனை ஜிஎஸ்எம் என்று சம்பந்தியிடம் பேசி முகூர்த்தத்தைத் தவறவிடப் பார்த்தவர்

பெரியம்மா: அது நடந்தது உண்மைதான்

திவ்யா அக்கா (நர்ஸ்): சித்தி, டேப் டைப் வாங்குங்க. பேன்ட் டைப்பைக் கால் வழியாக ஏற்ற வேண்டும், இடுப்பு ஆபரேஷனுக்கு அது சரிவராது. இடுப்புச் சுற்றளவை இஞ்சு டேப்பில் அளந்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவோடு பாருங்க. பெரியதாக இருந்தால் தாராளமாக இருக்கும் என்று வாங்காதீங்க, தொடைப் பக்கம் ஒழுகும்

அம்மா: சரி கண்ணு. ஒரு பாக்கெட்டில் 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. ராத்திரி ஒன்று போதுமா?

பெரியப்பா (காகிதபுரம்): அங்கேதான் சூட்சுமம். அந்தத் தூள் சோடியம் பாலிஅக்ரிலேட். சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு குடிக்கும். ஆனால் மூத்திரத்தில் உப்பு இருக்கிறது. தூளுக்கு உள்ளே இருக்கும் சோடியம்தான் வெளியே இருக்கும் தண்ணீரை இழுக்கிறது. வெளியிலும் உப்பு இருந்தால் இழுப்பு குறைந்துவிடும். 30 முதல் 50 மடங்கு வந்தாலே பெரிது. அம்மா அதன்மேல் உட்கார்ந்தால் அழுத்தத்தில் இன்னும் குறையும். விளம்பரத்தில் ஊற்றுகிற நீலத் தண்ணீரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

சித்தப்பா (மஸ்கட்): அண்ணா சூப்பர்

சரசு அத்தை: நாம் பிறந்தபோது அம்மாவுக்கு ஏது இதெல்லாம். பழைய வேட்டியைக் கிழித்து நான்காய் மடித்துத்தான். அதையே கட்டலாமே

பெரியப்பா (காகிதபுரம்): சரசு, துணி குடிக்கும், ஆனால் வைத்துக்கொள்ளாது. அழுத்தினால் திரும்பக் கக்கிவிடும். கோவை முருகானந்தம் நாப்கின் செய்ய ஆரம்பித்தபோது பஞ்சை வைத்துப் பார்த்துத் தோற்றார். பெரிய கம்பெனிக்காரர்கள் வைப்பது மரக்கூழ் என்று பிறகுதான் கண்டுபிடித்தார். 2016இல் பத்மஸ்ரீ. அதற்கும் முன்னால், முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்ட மரக்கூழ்ப் பட்டை அனுப்பினார்கள். அதை நர்சுகள் மாதவிடாய்க்கும் பயன்படுத்தியதைப் பார்த்துத்தான் 1920இல் கோடெக்ஸ் நாப்கின் வந்தது.

சரசு அத்தை: அம்மா போருக்குப் போகவில்லை அண்ணா. கரூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள்

கவிதா: 😂

பெரியம்மா: பலமுறை பகிரப்பட்டது: டயப்பரில் உள்ள ஜெல் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து கிட்னியைப் பாதிக்கும். இதை எல்லாத் தாய்மார்களுக்கும் அனுப்பவும்

திவ்யா அக்கா (நர்ஸ்): அம்மா, இதை யார் அனுப்பினது?

பெரியம்மா: கோயில் குழுவில் வந்தது

திவ்யா அக்கா (நர்ஸ்): அந்த ஜெல் பெரிய மூலக்கூறு, தோலுக்குள் போகாது. 1980இல் அமெரிக்காவில் உடம்புக்குள் வைக்கிற டாம்பனால் சில பெண்களுக்கு உயிராபத்து வந்தது உண்மை. அதில் கிருமி நஞ்சு காரணம். இது வெளியே கட்டுவது. அப்பத்தாவுக்கு நான் பயப்படுவது ஈரத்தோடு மலமும் சேர்ந்து கிடப்பதற்குத்தான். தோல் வெந்து, படுக்கைப்புண் வரை போகும். மலம் போனால் உடனே மாற்றணும். மற்றபடி மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்க. வெளியே ஒரு மஞ்சள் கோடு இருக்கும், நனைந்தால் நீலமாகிவிடும். கையை விட்டுப் பார்த்து அவங்களைக் கூச வைக்க வேண்டாம்

அம்மா: அது நல்லது. அத்தைக்கு அதுதான் பெரிய சங்கடம்

அப்பா: அண்ணா அந்த ஜெல் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்றால் தென்னைக்கு அடியில் போடலாமா

பெரியப்பா (காகிதபுரம்): நல்ல கேள்வி. இந்தச் சரக்கே விவசாயத்தில் இருந்து வந்ததுதான். அமெரிக்க விவசாயத் துறையின் ஆய்வுக்கூடத்தில், இல்லினாய் மாநிலம் பியோரியாவில், மக்காச்சோள மாவிலிருந்து செய்தார்கள். நம் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் மண்ணுக்கென்று பூசா ஹைட்ரோஜெல் என்று ஒன்று வைத்திருக்கிறது. டயப்பர் ஜெல் வேண்டாம், சோடியம் மண்ணுக்கு ஆகாது.

அப்பா: ஏக்கருக்கு எவ்வளவு போடணும்

சரசு அத்தை: அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்கள். முதலில் அந்தத் தென்னை யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

சித்தப்பா (மஸ்கட்): அக்கா, அது இப்போது வேண்டாமே

சரசு அத்தை: எப்போதுமே இப்போது வேண்டாம்தான்

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: என்ன போட்டீங்க தம்பி?

இரவு 8:15

பிரபு: பாப்பாவின் டயப்பர் ஒன்றைக் கிழித்து, தூளை உதறி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி ஆகிவிட்டது. டம்ளரைக் கவிழ்த்தாலும் விழவில்லை. அப்புறம் ஒரு ஸ்பூன் உப்பு போட்டுக் கிளறினேன். தண்ணீர் தனியாகப் பிரிந்துவிட்டது. மாமா சொன்னது சரி

[படம்]

சரசு அத்தை: அது நான் காபி குடிக்கிற டம்ளர்

பிரபு: கழுவிவிட்டேன்

திவ்யா அக்கா (நர்ஸ்): சிங்க்கில் கொட்டினாயா??

பிரபு: …

திவ்யா அக்கா (நர்ஸ்): குழாய் அடைத்துக்கொள்ளும். கக்கூசிலும் யாரும் போடாதீங்க, செப்டிக் டேங்கில் போய் ஊதிக்கொண்டு நிற்கும்

அப்பா: அப்போ எங்கே போடுவது? தோட்டத்து மூலையில் எரித்துவிடலாமா

பெரியப்பா (காகிதபுரம்): ஈரமான ஜெல் எரியாது, புகையும். மேலும் கீழும் பிளாஸ்டிக், நடுவில் பசை. செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் குப்பை வண்டியில் கொடுக்க வேண்டும். சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதியிலேயே இருந்தது.

அப்பா: மேட்டுத்தோட்டத்துக்கு எந்த வண்டி வருகிறது? முக்குரோடு வரைதான் வரும்

அம்மா: முக்குரோட்டுக்கு யார் கொண்டுபோவது என்று சொல்லவே வேண்டாம்

கவிதா: நான் காலேஜ் போகும்போது கொண்டுபோகிறேன் அம்மா

அம்மா: பார்க்கலாம். இங்கே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று தொட்டால் சரசரவென்கிறது, இன்னொன்று துணி மாதிரி இருக்கிறது, விலை கூட

பெரியப்பா (காகிதபுரம்): சரசரப்பது முழுப் பாலித்தீன். வியர்வை போக வழியில்லை. துணி மாதிரி இருப்பதில், பாலித்தீனோடு சுண்ணாம்புப் பொடி கலந்து தாளை இழுத்திருப்பார்கள். பொடியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அதன் வழியே ஆவி போகும், தண்ணீர் போகாது. அதை வாங்கு.

பிரபு: அப்பத்தா டப்பாவில் வைத்திருக்கிற சுண்ணாம்பா மாமா?

பெரியப்பா (காகிதபுரம்): அது நீற்றியது. இது கல்லை அரைத்தது.

கவிதா: வெற்றிலையை யாரும் ஞாபகப்படுத்தாதீங்க, காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்

சித்தப்பா (மஸ்கட்): ஜப்பானில் ஓஜி என்கிற கம்பெனி 2024இல் உள்நாட்டுக்கென்று குழந்தை டயப்பர் செய்வதை நிறுத்திவிட்டது. இனிமேல் அங்கே பெரியவர்களுக்கு மட்டும்தானாம்

சரசு அத்தை: அங்கேயும் பிள்ளைகள் வெளிநாட்டில் போல

சித்தப்பா (மஸ்கட்): …

திவ்யா அக்கா (நர்ஸ்): சித்தி, கட்டும்போது ஒன்று. தொடை ஓரத்தில் நிற்கிற மடிப்புக்கு அந்தச் சோப்புப் பூச்சு இருக்காது, அதுதான் அணை. டேப்பை ஒட்டிய பிறகு விரலை விட்டு மடிப்பை வெளியே இழுத்துவிடணும். உள்ளே மடங்கிக் கிடந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒழுகும். திருப்பும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வையுங்க. டிஸ்சார்ஜ் ஆகும் முன் வார்டு சிஸ்டரை ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லுங்க. பவுடர் வேண்டாம்

சரசு அத்தை: உள்ளே ஒரு மடி வேட்டித் துணி வைத்துக் கட்டினால் இரண்டு மாற்று மிச்சமாகுமே

திவ்யா அக்கா (நர்ஸ்): வைக்காதீங்க அத்தை. துணி குடித்ததைத் தோலிலேயே வைத்திருக்கும், ஜெல்லுக்கு இறங்காது

சரசு அத்தை: எதற்கும் எடுத்து வருகிறேன்

அம்மா: அத்தையிடம் சொன்னேன். "பிரபு மகளுக்குக் கட்டுகிறதை எனக்கும் கட்டுவீங்களா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, சரசு வந்தால் கட்டட்டும் என்கிறார்

பிரபு: அம்மா?

பிரபு: அம்மா ஆன்லைன்லதான் இருக்காங்க

சரசு அத்தை: நான் என்ன சொல்ல? ஈரோட்டில் ஆறு மணி பஸ்ஸுக்கு ஏறுகிறேன்

அம்மா: சரிங்க அண்ணி. எம் சைஸ், டேப், துணி மாதிரி இருப்பது. ஒரு பாக்கெட் மட்டும் இப்போதைக்கு

சித்தப்பா (மஸ்கட்): மூன்றாக வாங்குங்க

பெரியப்பா (காகிதபுரம்): ஒன்று போதும். பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பசையைப் பற்றிச் சொல்லவே இல்லை, ஹாட் மெல்ட் என்று

பெரியம்மா: சாப்பிட வாங்க

அப்பா: காலையில் கார் யாருடையது?