மூன்று மாதப் பாப்பாவுக்கு மூக்கடைப்பு: எந்த ஆஸ்பிரேட்டர் வாங்குவது?

கோத்தகிரி அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. பிரசவத்துக்குக் கீழே மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தேன், அங்கே ஒரு தொந்தரவும் இல்லை. கோத்தகிரிக்குத் திரும்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ராத்திரி ஆனால் மூக்கு கொர்கொர் என்கிறது. பால் குடிக்கும்போது இரண்டு வாய் குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், அழுவாள், மறுபடி பிடிப்பாள். காய்ச்சல் இல்லை, பகலில் நன்றாகச் சிரித்து விளையாடுகிறாள். டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் சளி இல்லை, மூக்கு மட்டும்தான், சலைன் (உப்புத் தண்ணீர்) சொட்டு விடுங்கள், வேண்டுமானால் மூக்குச் சளியை உறிஞ்சி எடுக்கிற ஆஸ்பிரேட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். எந்த மாதிரி என்று நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆன்லைனில் பார்த்தால் தலை சுற்றுகிறது. ரப்பர் பல்பு, வாயால் உறிஞ்சுகிற குழாய், பேட்டரியில் ஓடுகிறது (அது பாட்டு வேறு பாடுமாம்). தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற வீடு, பார்சல் வந்து சேரவே நாலைந்து நாள் ஆகும், தப்பானதை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம் இன்னொன்று. அத்தை நீலகிரித் தைலத்தைத் துணியில் நனைத்துப் பாப்பா தலைமாட்டில் வைக்கிறார். குளிக்க வைத்ததும் மூக்கில் வாய் வைத்து ஊதிவிடுகிறார். அஞ்சு பிள்ளை வளர்த்தவளுக்குத் தெரியாதா என்கிறார். பாசமாகத்தான் செய்கிறார், சண்டை போட மனசு வரவில்லை. சரியா தப்பா, யாராவது சொல்லுங்கள்.

குன்னூர்க்காரி

தங்கச்சி, எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் குன்னூர்க் குளிரில் வளர்ந்ததுகள், அதனால் நீ சொன்ன மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள். நேராகச் சொல்கிறேன், நடுவில் இருக்கிறதை வாங்கு. வாயால் உறிஞ்சுகிறது.

முதலில் கேட்டதும் எனக்கும் குமட்டியது. ஆனால் சளி நம் வாய்க்கு வராது, நடுவில் ஒரு கூடு இருக்கிறது, அதற்கு மேல் ஸ்பஞ்சு மாதிரி ஒரு வடிகட்டி, அதையும் தாண்டி நீளமான குழாய். ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்பஞ்சை மாற்றிவிட வேண்டும், அது இல்லாமல் உறிஞ்சவே கூடாது. வாங்கும்போதே உபரி ஸ்பஞ்சு எத்தனை தருகிறார்கள் என்று பார், சிலதில் நாலே நாலு இருக்கும், ஒரே நாளில் தீர்ந்துவிடும். இதில் எனக்குப் பிடித்தது எவ்வளவு இழுக்கிறோம் என்பது நம் கையில், அதாவது நம் வாயில் இருக்கிறது. பிள்ளை நெளிந்தால் உடனே விட்டுவிடலாம். நுனியை உள்ளே நுழைக்கவும் வேண்டாம், மூக்கு ஓட்டையின் வாயில் ஒட்டினாற்போல் வைத்தால் போதும்.

ரப்பர் பல்பைப் பற்றி ஒரு கதை. மூத்தவனுக்கு நூற்று இருபது ரூபாய்க்கு வாங்கி ஆறு மாதம் உபயோகித்தேன். தினமும் வெந்நீர் சோப்பு போட்டுக் கழுவித்தான் வைத்தேன். ஒரு நாள் அது விட்டுப்போச்சு, தூக்கிப் போடுவதற்கு முன்னால் சும்மா கத்தரியால் வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. நம் ஊரில் ஜூலை மாதம் கம்பளியே காயாது, அந்தப் பல்புக்குள் இருக்கிற ஈரம் எங்கே காயும்? பல்புதான் வாங்குவேன் என்றால் இரண்டாகத் திறந்து கழுவுகிற மாதிரி ஒன்று கிடைக்கிறது, அதை வாங்கு. வெளியிலேயே பல்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அப்புறம் மூக்கில் வைத்து மெதுவாகக் கையை விட வேண்டும். உள்ளே வைத்துக்கொண்டு அமுக்கினால் சளி இன்னும் மேலே போய்விடும்.

அத்தை விஷயம் எனக்கும் நடந்தது, அது தனிப் புராணம்.

லவ்டேல் அப்பா

பேட்டரிக்காரன் நான்தான். இரண்டாயிரம் ரூபாய் கிட்ட ஆனது. நல்லதும் சொல்கிறேன், கெட்டதும் சொல்கிறேன். நீர் மாதிரி ஒழுகுகிற சளியை நன்றாக இழுக்கும், ஒரு கையால் செய்யலாம், ராத்திரி இரண்டு மணிக்கு மனைவியை எழுப்பாமல் நானே செய்தேன். ஆனால் ஊட்டிக் குளிரில், அதுவும் ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியாக வெள்ளை பூத்துக் கிடக்கிற நாளில், ரூம் ஹீட்டர் வேறு போட்டால் மூக்குச் சளி காய்ந்து பொருக்காகிவிடுகிறது. பொருக்கை இது அசைக்கவே அசைக்காது. முதலில் சலைன் சொட்டு விட்டு ஊற வைத்தால்தான் வரும், அப்படி ஊற வைத்துவிட்டால் எந்தக் கருவியிலும் வரும், பிறகு எதற்கு இரண்டாயிரம் என்று மனைவி கேட்டாள், பதில் இல்லை. சத்தம் வேறு. என் மகன் அந்த உர்ர் சத்தம் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வான். பாட்டு அவனை ஏமாற்றவில்லை.

இப்போது அவனுக்கு இரண்டு வயது, இன்னும் வைத்திருக்கிறோம். மூன்று மாதக் குழந்தைக்கு அவசரமில்லை என்பேன்.

ஒன்று செய்யுங்கள், தலைக்கு ஒரு சின்னத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வையுங்கள், மூச்சு நன்றாகப் போகும்.

மருந்துக்கடைக்காரன்

லவ்டேல் அப்பா மன்னிக்கணும், தலையணை வேண்டாம். இந்த வயதில் தலையணை, மடித்த போர்வை எதுவுமே தலைக்குக் கீழே கூடாது. கழுத்து மடங்கி மூச்சுக்குழல் நெருங்கிவிடும், முகம் துணியில் அமுங்கிவிடும். சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் சரி. தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் விழித்திருக்கும்போது தோளில் போட்டுக்கொள்ளட்டும்.

இருபது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன், எந்தக் கருவி என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி எந்தச் சொட்டு வாங்கினீர்கள் என்பதுதான். மூக்குச் சொட்டில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், அட்டையில் சோடியம் குளோரைடு 0.65 சதவீதம் என்று இருக்கும். இன்னொன்று மூக்குக்குள் வீக்கத்தைச் சுருக்குகிற மருந்து, அதில் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று ஏதாவது எழுதியிருக்கும். பாட்டில் ஒரே அளவு, பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். பின்னதை டாக்டர் எழுதித் தராமல் கைக்குழந்தைக்கு விடவே கூடாது. வீட்டில் அப்பாவுக்கு வாங்கின சொட்டு மிச்சம் இருக்கிறது, அதில் பாதி விடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கூடாது.

இனி எப்படி விடுவது. நம் மலையில் பாட்டில் ஐஸ் மாதிரி இருக்கும், உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடு ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழந்தை துள்ளி அலறும், அதில் தப்பே இல்லை. மல்லாக்கப் போட்டு ஒவ்வொரு பக்கமும் ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ. ஒரு நிமிடம் பொறுங்கள். பல தடவை தும்மலிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும், கருவிக்கு வேலையே இருக்காது. வராவிட்டால் உறிஞ்சுங்கள். பால் கொடுப்பதற்குப் பத்து பதினைந்து நிமிடம் முன்னால் செய்ய வேண்டும், கொடுத்த பிறகு செய்தால் குடித்ததெல்லாம் வாந்தியாக வந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவைக்கு மேல் உறிஞ்சாதீர்கள், அந்த மெல்லிய சவ்வு புண்ணாகி வீங்கி அடைப்பு அதிகமாகத்தான் ஆகும், சில நேரம் ரத்தமும் கசியும். சத்தம் மட்டும் கேட்கிறது, பால் நன்றாகக் குடிக்கிறாள், தூங்குகிறாள் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். முதல் சில மாதம் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், ஓட்டையும் சின்னது, துளி சளி இருந்தாலே ஊருக்கே கேட்கும்.

தைலம். இங்கே 1843-லேயே கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்துவிட்டது, அதன் எண்ணெய் இல்லாத வீடு நீலகிரியில் கிடையாது, என் கடையிலும் விற்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், கைக்குழந்தை பக்கத்தில் வேண்டவே வேண்டாம். நெடி மூச்சுக்குழலை எரிச்சல்படுத்தும், தெரியாமல் வாய்க்குள் கொஞ்சம் போனால்கூட வலிப்பு வரலாம். கற்பூரம் கலந்த களிம்பும் அப்படித்தான், இரண்டு வயது வரை தொடாதீர்கள்.

கடைசியாக முக்கியமானது. கருவியை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடக் கூடாது. நம் ஊர்க் குழந்தைகளுக்கு மூன்று ஸ்வெட்டர் போட்டிருப்போம், உள்ளே நெஞ்சு குழி விழுவது தெரியாது. தூங்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், மூக்கு விடைத்தாலும், வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காவிட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த வயதில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே காட்ட வேண்டும்.

கொடைக்கானல் பாட்டி

நான் அந்த அத்தை கட்சி, அதனால் அவங்க சார்பா ஒரு வார்த்தை. ஊதுவதும் உறிஞ்சுவதும் நாங்கள் எல்லாரும் செய்ததுதான், அப்போது வேறு என்ன இருந்தது? பேரன் பிறந்தபோது மருமகள் வேண்டாம் என்றாள், எனக்கு முகம் சுருங்கிப்போச்சு. அவள் கெட்டிக்காரி, அப்படியே டாக்டர் அறைக்குள் என்னையும் கூட்டிக்கொண்டு போய், பாட்டி ஊதலாமா டாக்டர் என்று என் எதிரிலேயே கேட்டாள். நம் வாயில் இருக்கிற கிருமியை அவன் மூக்குக்கு அனுப்புகிறீர்கள், எண்ணெய் விட்டால் அது நேரே நுரையீரலுக்குப் போய்விடும் என்று அவர் சொன்னார். மருமகள் சொன்னால் ரோஷம் வருகிறது, டாக்டர் சொன்னால் வரவில்லை, அவ்வளவுதான் மனுஷ மனசு. அப்புறம் அவள் சொட்டு விடுகிற வேலையை என்னிடமே கொடுத்துவிட்டாள். உன் அத்தைக்கும் ஏதாவது வேலை கொடு பாப்பா, கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்கச் சொன்னால் தைலத்தைத்தான் தேடும்.

சாம்பிராணிப் புகையும் நிறுத்து. தலையைத் துண்டால் துடைத்தால் போதும். குளிருக்கு மூடின அறைக்குள் கரி நெருப்பு வைக்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெளியே எடு. அப்படித் தூங்கி எழுந்திருக்காமலே போனவர்கள் செய்தி மலையில் குளிர்காலந்தோறும் கேட்கிறோம், அந்த வாயுவுக்கு மணம்கூடக் கிடையாது.

கோத்தகிரி அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், நடுவில் இரண்டு நாள் மழையில் சிக்னலே இல்லை. குன்னூர் அக்கா சொன்ன குழாய் மாதிரியே வாங்கினேன், கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையிலேயே இருந்தது, நானூற்றைம்பது ரூபாய், இருபது ஸ்பஞ்சோடு. வீட்டில் இருந்த சொட்டு பாட்டிலை மருந்துக்கடை அண்ணன் சொன்ன மாதிரி திருப்பிப் படித்தேன், நல்லவேளை, சோடியம் குளோரைடுதான். மூச்சை எண்ணினேன், 38 வந்தது, மறுபடி எண்ணினேன், 40.

இதுவரை குழாயை நாலு தடவைதான் எடுத்திருப்பேன். மற்ற நேரமெல்லாம் சொட்டு விட்டதும் இரண்டு தும்மல், முடிந்தது. பாட்டி சொன்னபடி பாட்டிலைச் சூடு பண்ணுகிற வேலையை அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிடம் போதும் என்றால் கேட்பதில்லை, காலையிலிருந்து இடுப்பில் செருகிக்கொண்டே அலைகிறார். தைலம் இப்போது அவர் முழங்காலுக்கு மட்டும்.

ஒரே ஒரு சந்தேகம், அந்தக் குழாயையும் வெந்நீரில் போட வேண்டுமா, இல்லை கூட்டை மட்டும் கழுவினால் போதுமா?

குன்னூர்க்காரி

சளி படுகிற கூட்டையும் நுனியையும் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கழுவு. குழாய்க்குள் தண்ணீர் போனால் காயாது, அதை வெளியே துடைத்துத் தொங்கவிட்டால் போதும். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் தொங்கவிடாதே, என்னுடையது அப்படித்தான் உருகியது.