போக்கர்ல எப்ப ப்ளஃப் அடிக்கணும்?

கேள்வி: ஹோல்டெம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு வர்ற போக்கர்) ஆட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது, நான் ப்ளஃப் அடிச்சா (நல்ல சீட்டு இல்லாமலே இருக்கற மாதிரி பெட் போட்டா) மட்டும் எப்பவும் யாராவது கால் பண்ணிடறாங்க (அதே பணத்த கட்டி கூடவே வந்துடறாங்க), மூஞ்சியே காட்டிக் கொடுக்குதா?

பதில் 1: மூஞ்சிய விடுங்க. அந்த ஆட்டத்துல இன்னும் எத்தனை பேர் விலகாம இருக்காங்கன்னு பாருங்க, மூணு நாலு பேர் இருந்தா ஒருத்தன்கிட்டயாவது ஏதாவது இருக்கும். அப்புறம் எதுக்கும் ஃபோல்டே பண்ணாதவன்கிட்ட, அதாவது சீட்ட போட்டுட்டு விலகவே மாட்டேங்கறவன்கிட்ட, ப்ளஃப் அடிக்கறது செவிடன் காதுல சங்கு ஊதுற மாதிரிதான்.

பதில் 2: கணக்கும் இருக்கு பாஸ். பாட்ல (நடுவுல சேர்ந்திருக்கற பணம்) 100 இருக்கு, நீங்க 50 பெட் போட்டா மூணுல ஒரு தடவை அவன் ஃபோல்ட் பண்ணாலே நஷ்டமில்ல, அதே 100 போட்டா ரெண்டுல ஒண்ணு ஒர்க் ஆகணும். புதுசுன்னா ஃப்ளாப்ல (முதல் மூணு பொதுச் சீட்டு வந்ததும்) ஃப்ளஷ் டிரா (ஒரே இனத்துல அஞ்சு சீட்டு சேர இன்னும் ஒண்ணு பாக்கி) வச்சுட்டு அடிங்க, கால் பண்ணாலும் ரிவருக்குள்ள (கடைசிப் பொதுச் சீட்டு) சேர சுமார் 35% சான்ஸ் இருக்கே.

பதில் 3: போர்டுல (பொதுச் சீட்டுகள்ல) மூணு ஸ்பேட், உங்க கையில வேற ஸ்பேட் இல்லாம ஸ்பேட் ஏஸ் மட்டும் இருக்கா? இருக்கறதுலயே பெரிய ஃப்ளஷ் அவன்கிட்ட இருக்கவே முடியாது, அங்க அடிக்கலாம். ஆனா முதல்லேர்ந்து பெட் போடாம செக் பண்ணிட்டே வந்து ரிவர்ல திடீர்னு இருக்கற மொத்தத்தையும் வச்சு ஆல் இன் போனா எவன் நம்புவான்?

கேள்வி கேட்டவர்: ஐயோ, கடைசில சொன்னதுதான் நான் தினம் பண்றது 😅