புதுப்பிப்பு: விக்கிப்பீடியாவில் டெல்டாவின் பெண் கலைஞர்கள்

தஞ்சைப் பக்கத்துப் பெண் கலைஞர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதக் கும்பகோணத்தில் கூடுகிறோம், ஆள் வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். ஆள் சேர்ந்துவிட்டது. இப்போது இழுப்பது ஆதாரம்தான். "எங்க பாட்டி திருவாரூர் தேருக்கு முன்னால ஆடினவங்க" என்றார் ஓர் அக்கா. அருமையான செய்தி, ஆனால் அச்சில் வராததை வைத்துக் கட்டுரை நிற்காது. பரணில் இசை, நடன சபாக்கள் அச்சிட்ட பழைய விழா மலர்கள் கிடந்தால் சொல்லுங்கள்.

அதுவரை கர்நாடக இசைப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் கட்டுரையில் இறங்கியிருக்கிறோம். திருவையாற்றில் இசைமேதை தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் இசை ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றதும், 1920களில் பெண்களுக்கென்றே தனி ஆராதனை நடத்தினார். அதென்ன சாதாரண துணிச்சலா! தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்தவரும் இவரே. ஆங்கில அரசு அதைத் தடை செய்தது.

படம்? பொதுமக்கள் போய்வரும் இடத்தில் நிரந்தரமாக உள்ள சிலையைப் படமெடுத்து வெளியிட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. திருவையாற்றில் அவர் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் செல்பேசியில் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் நீங்களே ஏற்றிவிடுங்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உரிமம் தருவது யார் என்ற இழுபறி வரும். அடுத்த கட்டுரை பரதநாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி பற்றி.