மிதிப்பதம், கியர்ப்பதம்: டர்போ காரையும் இயல்மூச்சுக் காரையும் ஒப்பிட ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) உள்ள ஸ்போர்ட்ஸ் கார்களையும் அது இல்லாத ‘இயல்மூச்சு’க் கார்களையும் ஒப்பிட்டுத் தம்பி எழுதிவரும் கட்டுரைக்காக இந்த இழை தொடங்கியது. கிளட்ச் மிதி காலுக்குச் சொல்லும் ‘கிளட்ச் ஃபீல்’, கியர் ராடு கைக்குச் சொல்லும் ‘ஷிஃப்டர் ஃபீல்’ இரண்டுக்கும் தமிழில் என்ன என்று கேட்டிருந்தார். உணர்வு, தொடுவுணர்வு, மறுமொழி, பிடிமானம், பதம் என்று ஐந்து பரிந்துரைகள் வந்துவிட்டன. என் வாக்கு பதத்துக்கு: முதலாவதற்கு மிதிப்பதம், இரண்டாவதற்குக் கியர்ப்பதம். அகராதியை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது என்று நினைக்கிறேன். சொல்லை வண்டியில் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஃபீல் என்றால் உணர்வுதானே. புதிதாக ஒரு சொல் எதற்கு?

ஐயா, உணர்வு ஓட்டுபவருக்குள் இருப்பது. நாம் பெயர் தேடுவது வண்டியில் இருக்கும் ஒன்றுக்கு. கிளட்சை மிதிக்கும்போது எத்தனை மில்லிமீட்டரில் எவ்வளவு விசை எதிர்க்கிறது என்று பொறியாளர்கள் கருவி வைத்து அளக்கிறார்கள். வரைகோடாகப் போட்டால் விசை ஏறி, நடுவில் முகடு தட்டி, பிறகு கொஞ்சம் இறங்கும். உள்ளே இருக்கும் கிண்ண வடிவ டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் இயல்பு அது. அந்த முகடு எவ்வளவு உயரம், எந்த இடத்தில் வருகிறது, மிதியை விடும்போது என்ஜினையும் கியர்பாக்சையும் இணைக்கும் தகடு எங்கே பிடிக்கத் தொடங்குகிறது, பிடிக்கத் தொடங்கிய இடத்துக்கும் முழுதாகப் பிடித்த இடத்துக்கும் இடையே காலுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் தம்பி கேட்கும் பொருள். ‘இந்த வண்டியின் கிளட்ச் உணர்வு கடுமையானது’ என்று எழுதினால் வாசிப்பவர் ஓட்டுபவரின் மனநிலையைத்தான் நினைப்பார். தொடுவுணர்வுக்கும் இதே குறை உண்டு. தவிர, அது தோலோடு நின்றுவிடுகிறது. இங்கே தொடையும் முழங்காலும் வேலை செய்கின்றன.

இனி டர்போ விஷயத்துக்கு வருகிறேன். கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்குவிசை (தண்டைத் திருகும் விசை) நான்கு காரணிகளின் பெருக்கம்: உராய்வுக் கெழு, தகட்டை அழுத்தும் விசை, உராயும் பகுதியின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. போர்ஷே 911 வரிசையில் 997 என்ற தலைமுறையில் முதலில் வந்த வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இயல்மூச்சு என்ஜின் கொண்ட ஜிடி3 தந்தது 405 நியூட்டன் மீட்டர்; அதுவும் நிமிடத்துக்கு 5500 சுற்றில். அதே தலைமுறையின் டர்போ 620 நியூட்டன் மீட்டரை 1950 சுற்றிலிருந்தே தந்தது. இரண்டும் 3.6 லிட்டர்தான். தகட்டின் ஆரமும் பொருளும் மாறாவிட்டால், டர்போவின் கிளட்சில் அழுத்தும் விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வேண்டும். அந்தக் கூடுதல் விசையைத் தகட்டிலிருந்து விலக்குவது ஓட்டுபவரின் இடது கால். ‘டர்போ வண்டின்னா கிளட்ச் கனமா இருக்கும்’ என்று பட்டறையில் சொல்வதன் முழுக் கணக்கும் இவ்வளவுதான்.

ஆனால் கனம் வேறு, பதம் வேறு. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 997இலும் அதற்கு முந்தைய 996 தலைமுறையிலும் வந்த டர்போ வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கின் எண்ணெய் அழுத்தத்தை எடுத்துக் கிளட்ச் மிதிக்கு உதவி கொடுத்தார்கள். என்ஜின் ஓடும்வரை மிதி சாதுவாக இருக்கும். என்ஜின் அணைந்து, சேமிப்பில் இருந்த அழுத்தமும் தீர்ந்துவிட்டால் அதே மிதி கல்லாக இறுகிவிடும். கனத்தை ஒரு துணைக்கருவியால் குறைத்துவிடலாம். ஆனால் தகடு பிடிக்கும்போது காலுக்கு வந்துசேரும் மெல்லிய அதிர்வும் மாற்றமும் அந்த உதவியின் வழியாக வரும்போது மழுங்கிவிடுகின்றன. கனம் இறங்கியது, பதமும் மாறியது, இரண்டும் வேறு வேறு திசையில் மாறின. ‘பிடிமானம்’ என்ற பரிந்துரை இங்கேதான் தடுமாறுகிறது. தகடு வழுக்காமல் பிடிப்பதைச் சொல்லவே நமக்கு அந்தச் சொல் வேண்டும். 620 நியூட்டன் மீட்டரையும் விடாமல் பிடிக்கும் கிளட்சுக்குப் பிடிமானம் நிறைய, காலுக்குச் சொல்லும் சேதி குறைவு. ‘மறுமொழி’யைப் பற்றி ஒரே வரி: ஆக்சிலரேட்டரை மிதித்தபின் என்ஜின் செய்வதற்கு அது பொருந்தும், கிளட்ச் மிதிக்குப் பொருந்தாது.

கனத்தைக் குறைக்க இன்னொரு வழி தகட்டை இரட்டிப்பாக்குவது. உராயும் முகங்கள் இரண்டிலிருந்து நான்காகும். அழுத்தும் விசை பாதி போதும். ஆனால் அந்த இரண்டாவது தகடும் கியர்பாக்சின் உள்ளீட்டுத் தண்டோடு சேர்ந்து சுற்றுகிறது. விட்டத்தைக் குறைக்காமல் தகட்டை மட்டும் கூட்டினால், கியர் மாற்றும்போது, சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ வளையம் வேகம் குறைக்க வேண்டிய சுமை ஏறிவிடும். காலில் இறக்கிய பாரம் கைக்கு வந்துசேர்கிறது. மிதியையும் கியரையும் ஒரே வேர்ச்சொல்லால் குறிக்க வேண்டும் என்று நான் கேட்பதற்கு இதுதான் காரணம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

> பதம் என்றாலே நல்ல நிலை என்று பொருள். மோசமான கிளட்சை எப்படிச் சொல்வீர்கள்?

நல்ல கேள்வி, அக்கா. இழையில் வந்த மறுப்புகளில் இதுதான் கனமானது. ஆனால் ‘ஈரப்பதம்’ நம் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. கூடினாலும் குறைந்தாலும் அது ஈரப்பதம்தான். நன்மை தீமை எதையும் அது சுமக்கவில்லை, விழுக்காட்டில் அளக்கிறோம். கலைச்சொல்லாகப் பதம் அளவுச்சொல்லாக மாறிப் பல காலமாயிற்று. அடுக்களையிலும் பாகை இளம்பதம், கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று படிப்படியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறோம். எது நல்லது என்பது செய்யும் பண்டத்தைப் பொறுத்தது. அப்படியே இளகிய மிதிப்பதம், இறுகிய மிதிப்பதம், மழுங்கிய மிதிப்பதம் என்று அடைமொழி சேர்த்துச் சொல்லலாம். பதத்துக்குச் ‘சொல்’ என்ற பொருளும் இருப்பதால் குழப்பம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மிதிப்பதம் என்று சேர்த்தெழுதினால் யாரும் அதைச் சொல் என்று படிக்க மாட்டார்கள்.

‘கால்பதம்’ என்ற பரிந்துரையை மட்டும் ஏற்க முடியவில்லை. கால்வாசிப் பதம் என்று படிக்க இடமிருக்கிறது. மிதிப்பதம் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. பிரேக்குக்கும் நீட்டிக்கொள்ளலாம்: கிளட்ச் மிதிப்பதம், பிரேக் மிதிப்பதம். இதே காரணத்தால் ‘கைப்பதம்’ வேண்டாம். ஸ்டீயரிங்கும் கையில்தான் இருக்கிறது. கியர் என்ற சொல் தமிழாகிவிட்டது. கியர்ப்பதம் என்றே வைத்துக்கொள்வோம். பல்லிணைமாற்றுத்தண்டுப்பதம் என்று நீட்டினால் பட்டறையில் யார் வாயிலும் நுழையாது.

கியர்ப்பதத்தைப் பொறுத்தவரை, தம்பியின் வரைவில் ஒரு இடத்தைத் திருத்தச் சொல்வேன். டர்போ கார்களில் கியர் மாற்றுவது கடினம் என்று பொதுவாக எழுதியிருக்கிறார். முறுக்குவிசை கூடும்போது கியர்ப் பற்கள் அகலமாகின்றன, சிங்க்ரோக்கள் பெரிதாகின்றன என்பது உண்மைதான். 1975இல் வந்த 911 டர்போவுக்கு நான்கு கியர்தான் கொடுத்தார்கள்; இயல்மூச்சு 911களில் ஐந்து கியர் இருந்தும், டர்போவுக்கு ஐந்தாவது கியர் 1989இல்தான் கிடைத்தது. 1993இல் வந்த டொயோட்டா சுப்ராவிலும் இயல்மூச்சு வண்டிக்கு ஐந்து கியர் பெட்டி ஒன்று, டர்போவுக்கு கெட்ராக் நிறுவனத்தின் ஆறு கியர் பெட்டி என்று தனித்தனி. ஆனால் கையில் கிடைக்கும் பதத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டர்போ அல்ல, கியர் ராடுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருப்பது. ஹோண்டா எஸ்2000இல் ராடு பெட்டியின் தலைமேலேயே நிற்கிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5இலும் அப்படியே. முன்சக்கர ஓட்டமுள்ள சிவிக் டைப் ஆரில் பெட்டி குறுக்கே கிடக்கும் என்ஜினோடு முன்னால் இருக்கிறது. கேபிள்தான் கையின் அசைவைக் கொண்டுபோகிறது. 911இல் பெட்டி பின்னால் இருக்கிறது. காற்றுக் குளிர்ச்சி காலத்தில் நீளக் கம்பி, 996இலிருந்து கேபிள். எனவே மிதிப்பதத்தை டர்போவோடு நேரடியாகக் கட்டலாம், கியர்ப்பதத்தை அப்படிக் கட்டக் கூடாது.

எஸ்2000ஐக் கொஞ்சம் நின்று பார்க்க ஆசை. 2 லிட்டர், டர்போ கிடையாது, 9000 சுற்று வரை ஏறும். இரண்டாவது கியரின் விகிதம் 2.045, மூன்றாவது 1.481. இரண்டாவதில் 9000 தொட்டு மூன்றாவது போட்டால் என்ஜின் ஏறத்தாழ 6500 சுற்றில் வந்து நிற்கிறது. வால்வுகளைத் திறக்கும் உயர்வேகக் கேம் அங்கே இன்னும் வேலையில்தான் இருக்கிறது. ராடு குறுகிய வீச்சில் நகர்கிறது. விரலுக்கு முதலில் சிங்க்ரோவின் சின்னத் தடை, அது விலகியதும் ‘டக்’கென்று ஒரு விழுகை. அந்தக் கணத்துக்குள் உள்ளீட்டுத் தண்டும் கிளட்ச் தகடும் ஏறத்தாழ 2500 சுற்றை இழந்திருக்கின்றன. ஐரோப்பாவில் விற்ற வண்டியின் முறுக்குவிசை 208 நியூட்டன் மீட்டர் மட்டும், அதன் உச்சமும் 7500 சுற்றில்தான் என்பதால் ஓட்டுபவர் ராடை விட்டுவைக்கவே முடியாது. கியர்ப்பதம் நன்றாக இல்லாவிட்டால் அந்தக் காரே இல்லை. 2017இன் சிவிக் டைப் ஆர் டர்போ வண்டி. 2500இலிருந்து 4500 சுற்று வரை 400 நியூட்டன் மீட்டர் தட்டையாகக் கிடைக்கிறது. மூன்றாவதிலேயே வைத்துக்கொண்டு வளைவைக் கடந்துவிடலாம். சுற்றின் உச்சமும் தாழ்வு என்பதால் ஒவ்வொரு மாற்றத்திலும் சிங்க்ரோ விழுங்க வேண்டிய வேக வேறுபாடும் குறைவு. கியர்ப்பதம் அங்கேயும் அருமையாக அமையலாம். கைக்கு அதைத் தேடிப்போகும் அவசியம்தான் குறைகிறது. கட்டுரை சொல்ல வேண்டிய ஒப்பீடு இது என்பது என் கருத்து.

கூடவே வேண்டிய சொற்கள் சில. தகடு பிடிக்கத் தொடங்கும் இடத்துக்குக் ‘கடிபுள்ளி’ என்று ஒருவர் தந்திருந்தார். பட்டறையில் அதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது. கோவையில் எங்கள் மெக்கானிக் அண்ணன் கேபிள் கிளட்ச் வண்டியை எடுத்ததும், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் மிதியை மெல்ல விட்டுப் பார்ப்பார். என்ஜின் முனகத் தொடங்கும் இடத்தில் காலை நிறுத்தி, ‘பிடி மேல வந்துருச்சுங்க, தகடு தேஞ்சிருக்கு’ என்பார். அந்தப் ‘பிடி’யை எடுத்துப் ‘பிடிநிலை’ ஆக்கினால் போதும். பிடிநிலை உயரம், பிடிநிலை அகலம் என்று விரித்துக்கொள்ளலாம். டர்போ வண்டியை விவரிக்க இந்த அகலம் மிகவும் தேவை. 1975இன் 911 டர்போவில் அமுக்க விகிதம் (என்ஜின் உள்ளே காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 6.5 மட்டுமே, டர்போவின் அழுத்தம் வரும்வரை என்ஜின் சோர்ந்தே இருக்கும். அதற்காகக் கொஞ்சம் சுற்றைக் கூட்டிப் பாதிப் பிடியில் வைத்தால், நடுவில் டர்போ விழித்து முறுக்குவிசை ஏறிவிடும். பிடிநிலை குறுகலாக இருந்தால் வண்டி துள்ளிவிடும்.

ராடு நகரும் தூரத்துக்கு ‘வீச்சு’, கியர் விழுமுன் விரலில் தட்டும் தடைக்கு ‘நெருடல்’, தளர்ச்சிக்கு ‘ஆட்டம்’. இவற்றில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நம்புகிறேன். நெருடல் எப்போதும் குறையல்ல. அளவான நெருடலை விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு.

முடியாமல் நிற்பது ஒன்று. கிளட்சை மிதித்து ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் என்ஜின் சுற்று உடனே இறங்காமல் தொங்குகிறதே, அதற்குச் சொல் வேண்டும். என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலும் புகைக் கட்டுப்பாட்டுக்காக எழுதிய மென்பொருளும் காரணங்கள். டர்போ, இயல்மூச்சு இரண்டு வகையிலும் வருகிறது. மிதிப்பதமும் கியர்ப்பதமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது இரண்டையும் கெடுத்துவிடும். ‘சுற்றுத்தேக்கம்’ என்று யோசித்தேன். தேக்கம் என்றால் நின்றுபோனது போலத் தொனிக்கிறது, இதுவோ மெதுவாக இறங்குவது. ‘சுற்றுத்தயக்கம்’ சரிப்படுமா? ஓட்டுகிறவர்களும் பட்டறைக்காரர்களும் உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தம்பி, அதுவரை வரைவில் அந்த இடத்தை விவரித்தே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து